ஜன்னலோரச் சோறும் ஒன்றரை அடித் திண்டும்

நம் வீடுகளில் குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற இடம் ஜன்னல்தான். பருப்புச் சாதத்தைக் குழையப் பிசைந்து கிண்ணத்தில் வைத்துக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "அதோ பார் காக்கா, அதோ பஸ் போகுது, ஒரு வாய் வாங்கிக்கோ" என்று அங்கே நின்றால்தான் சோறு உள்ளே இறங்கும். ஆறு மாதத்தில் சோறு ஊட்ட ஆரம்பித்ததிலிருந்து பிள்ளைக்கு ஜன்னல் என்றால் வேடிக்கை, ஜன்னல் என்றால் பாட்டி, ஜன்னல் என்றால் நெய் வாசனை. அது நடக்க ஆரம்பித்ததும் நேரே எங்கே போகும்? அங்கேதான் போகும். அப்போது திடீரென்று "ஜன்னல் கிட்டப் போகாதே, பூச்சாண்டி வருவான்" என்றால் எந்தப் பிள்ளை கேட்கும்? பழக்கிவிட்டதே நாம்தானே.

அதனால் இந்த விஷயத்தில் என் கட்சி ஒன்றுதான். பிள்ளையை மிரட்டிப் பிரயோஜனம் இல்லை. அது ஏறும், எட்டிப் பார்க்கும், கம்பியைக் கடிக்கும், கையில் இருப்பதை வெளியே போடும். அத்தனையும் செய்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாதபடி ஜன்னலைச் செய்து வைப்பது பெரியவர்கள் வேலை. "நாங்க கூடவே இருக்கோம், கண்ணை எடுக்க மாட்டோம்" என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. அடுப்பில் பால் பொங்கினால் யாராக இருந்தாலும் கண்ணை எடுத்துத்தான் ஆக வேண்டும்.

மகளும் மாப்பிள்ளையும் வில்லிவாக்கத்தில் எங்களோடுதான் இருந்தார்கள். ஆபீஸ் போக வசதி என்று பெரும்பாக்கம் பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் ஏழாவது மாடியில் ஃப்ளாட் வாங்கினார்கள். பால் காய்ச்சிய அன்று வந்தவர்கள் எல்லாரும் ஹாலில் இருந்த பெரிய ஜன்னலைத்தான் புகழ்ந்தார்கள். தரையிலிருந்து ஒன்றரை அடியில் ஒரு அகலமான கிரானைட் திண்டு. அதிலிருந்து மேலே லிண்டல், அதாவது ஜன்னலின் மேல்விட்டம் வரைக்கும், யு.பி.வி.சி. என்கிற கெட்டிப் பிளாஸ்டிக் சட்டத்தில் ஸ்லைடிங் கண்ணாடி. ஒரு பக்கத்தை முழுசாகத் தள்ளினால் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் தூரத்தில் தெரிகிறது. உலக அளவில் முக்கியமான சதுப்புநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்த இடம், சீசனில் பூநாரை வரும் என்று மாப்பிள்ளை எல்லாருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார். திண்டில் உட்கார்ந்து காபி குடிக்கலாம் என்று பில்டரின் விளம்பரப் புத்தகத்தில் படமே போட்டிருந்தார்களாம்.

நான் பையிலிருந்து டேப்பை எடுத்தேன். பேரன் புஜ்ஜிக்கு அப்போது இரண்டு வயது ஆகப் போகிறது. உயரம் 85 சென்டிமீட்டர், அதாவது இரண்டடி பத்து அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. திண்டு அவனுக்குத் தொப்புள் உயரம். முழங்காலைத் தூக்கிப் போட்டால் ஏறிவிடுவான். ஏறி நின்றால் முன்னால் இருப்பது ஒரு கண்ணாடிக் கதவு, அதையும் ஒரு விரலால் தள்ளினால் சறுக்கிக்கொண்டு போகிறது. பால்கனிக் கைப்பிடிச் சுவர் குறைந்தது ஒரு மீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்று தேசியக் கட்டட விதித் தொகுப்பு சொல்கிறது. அதே வீட்டில் பால்கனிச் சுவர் ஒழுங்காக அந்த உயரத்தில்தான் இருக்கிறது. பத்தடி தள்ளி இருக்கிற ஜன்னலுக்கு மட்டும் ஒன்றரை அடி போதும் என்று வரைந்தவர், பிள்ளை வளர்க்காதவராகத்தான் இருக்க வேண்டும்.

"சாதாரணமா மூணடி உயரத்துல ஜன்னல் திண்டு வச்சுட்டா பிரச்சினை இல்லையே மாமா?" என்று மாப்பிள்ளை கேட்டார். படுக்கையறையில் மூன்றடிதான் இருக்கிறது. ஆனால் அதற்குக் கீழே ஒட்டினாற்போல் கட்டில். மெத்தையோடு சேர்த்துக் கட்டில் ஒன்றரை அடி. மூன்றில் ஒன்றரை போனால் மீதி அதே ஒன்றரை அடிதான், கணக்கு எல்லா அறையிலும் ஒன்றாகத்தான் வருகிறது. இன்னொன்றையும் சொன்னேன். சின்னப் பிள்ளைகளுக்குத் தலை பெரிது, கால் சின்னது. உடம்பின் எடை மேல்பாதியில் இருக்கிறது. பெரியவன் ஜன்னலில் வயிற்றை வைத்துக் குனிந்தால் இடுப்பும் காலும் பின்னால் இழுத்துப் பிடிக்கும். பிள்ளை குனிந்தால் தலை முன்னால் இழுத்துக்கொண்டு போய்விடும், கால் தானாகத் தரையை விட்டு எழும்பிவிடும். எட்டிப் பார்ப்பதற்கும் விழுவதற்கும் நடுவில் அவர்களுக்கு இடைவெளி கிடையாது.

மாப்பிள்ளை அதற்கப்புறம் ஒன்றும் பேசவில்லை. "கிரில் போட்டுடலாம்" என்றார்.

சரி, எந்த கிரில்?

இங்கே நான் கொஞ்சம் நீட்டிப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபர்னிஷிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஜன்னல் மாட்டியே சோறு தின்றிருக்கிறேன். பழைய பெட்டிகளின் ஜன்னலில் குறுக்குக் கம்பிகள் இருக்குமே, அந்த வகைப் பெட்டி கட்டுவதை 2018 ஜனவரியோடு நிறுத்திவிட்டார்கள். இப்போது எல்லாம் எல்.எச்.பி. என்கிற புது வகைப் பெட்டி, வந்தே பாரத் என்று போய்விட்டது. ரயிலில் குறுக்குக் கம்பி இருந்ததில் எனக்குக் குறை இல்லை. அங்கே பிள்ளைக்கு ஒட்டினாற்போல் எப்போதும் ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். வீட்டு ஜன்னலில் குறுக்குக் கம்பி போட்டால் அது பிள்ளைக்கு நாமே செய்து கொடுத்த ஏணி. கீழிருந்து ஆறு அங்குலத்துக்கு ஒரு படி. மேலே கிரில் முடிகிற இடத்தில் இடைவெளி விட்டிருந்தால் அவ்வளவுதான்.

கொளத்தூரில் எனக்குப் பழக்கமான ஒரு பட்டறை இருக்கிறது. அங்கே போனால் தம்பி செல்போனை நீட்டுகிறான். எல்லாமே குறுக்குக் கம்பி டிசைன். "இப்ப எல்லாரும் இதான் சார் போடறாங்க, மாடர்ன் லுக்." முன்பெல்லாம் நம் ஊர் வீடுகளில் தேக்கு நிலையில் நெட்டுக் கம்பிதான் செருகியிருப்பார்கள். எங்கள் வில்லிவாக்கம் வீட்டில் இன்னும் அதுதான் இருக்கிறது. பிள்ளைகள் இரண்டு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று ஆடலாமே தவிர ஏற முடியாது, கால் வைக்க இடம் கிடையாது. எனக்கு அது மாதிரிதான் வேண்டும், நெட்டுக் கம்பி, நடுவில் வலுவுக்கு ஒரே ஒரு பட்டை, அதுவும் பிள்ளையின் கால் எட்டாத உயரத்தில், என்று பேப்பரில் வரைந்து கொடுத்தேன்.

அடுத்தது இடைவெளி. "அஞ்சு இன்ச் விடறேன் சார், திருடன் தலை நுழையாது" என்றான். திருடனுக்கு வைத்த அளவு அது. ஏழாவது மாடிக்கு எந்தத் திருடன் ஏறி வரப் போகிறான்? பிள்ளை விஷயத்தில் பயம் வேறு. கால் முதலில் நுழையும், இடுப்பு நுழையும், உடம்பு முழுக்க வெளியே போய், தலை மட்டும் மாட்டிக்கொண்டு தொங்கும். அதனால் உடம்பே நுழையக் கூடாது. வெளிநாடுகளில் இதற்கு நான்கு அங்குலம், பத்து சென்டிமீட்டர் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். நான் அதிலும் குறைத்துக் கேட்டேன். பட்டறை ஓரத்தில் பிளம்பர் யாரோ விட்டுப் போன மூன்று அங்குல பி.வி.சி. பைப் துண்டு ஒன்று கிடந்தது. மூன்று அங்குலம் என்று பேர், வெளி விட்டம் 90 மில்லிமீட்டர். அதைத் தம்பி கையில் கொடுத்து, "எந்த இடத்துலயும் இது உள்ள போகக் கூடாது. ஓரத்துல சுவருக்கும் கடைசிக் கம்பிக்கும் நடுவுலயும், கீழே திண்டுக்கும் கிரிலுக்கும் நடுவுலயும்கூட" என்றேன். சிரித்தான். ஆனால் பைப்பை வாங்கி ஆணியில் மாட்டி வைத்துக்கொண்டான். அளவைச் சொல்லிவிட்டு வருவதைவிட ஒரு துண்டைக் கொடுத்துவிட்டு வருவது மேல், பட்டறையில் டேப்பைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

ஓரத்து இடைவெளியைத்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். நடுவில் கம்பி அழகாக நெருங்கி இருக்கும், ஓரத்தில் ஆறு அங்குலம் காலியாக இருக்கும். சுவர் நேராக இல்லை, அதனால் கிரிலைச் சின்னதாக அடித்துவிட்டேன் என்று காரணம் சொல்வார்கள்.

இதெல்லாம் கிழவனின் அதிகப்படியான பயம் என்று யாராவது நினைத்தால், நியூயார்க் கதையைச் சொல்கிறேன். 1970-களில் அந்த ஊர் அடுக்குமாடிகளிலிருந்து பிள்ளைகள் விழுவது பெரிய பிரச்சினையாக இருந்தது. கோடையில் ஏ.சி. இல்லாத ஏழைகள் வீட்டு ஜன்னல் திறந்தே கிடக்கும். நகரச் சுகாதாரத் துறை 1972-இல் பிராங்க்ஸ் பகுதியில் 'பிள்ளைகளால் பறக்க முடியாது' என்ற பேரில் ஒரு திட்டம் ஆரம்பித்து, வீடு வீடாகப் போய்ச் சொல்லி, இலவசமாக ஜன்னல் தடுப்பும் கொடுத்தது. விழுகிற பிள்ளைகள் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்ததும், 1976-இல் அதையே சட்டமாக்கிவிட்டார்கள். பத்து வயதும் அதற்குக் கீழும் பிள்ளை இருக்கிற அடுக்குமாடி வீட்டுக்கு, வீட்டுச் சொந்தக்காரர் தடுப்பு மாட்டித்தான் ஆக வேண்டும். ஆஸ்திரேலியாவில் சிட்னி இருக்கிற மாநிலத்தில், அடுக்குமாடிகளில் உயரத்தில் இருக்கிற ஜன்னல்களை 12.5 சென்டிமீட்டருக்கு மேல் திறக்க முடியாதபடி பூட்ட வழி செய்ய வேண்டும் என்று விதி போட்டு, 2018 மார்ச் வரை கெடு கொடுத்தார்கள். புத்திமதி சொல்லிப் பார்த்துவிட்டுக் கடைசியில் எல்லா ஊரும் கம்பிக்கும் பூட்டுக்கும்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

நம் ஊரில் ஜன்னலை ஐந்து அங்குலம் மட்டும் திறந்து வைத்தால் மே மாதத்தில் வெந்துபோவோம். நமக்குக் கிரில்தான் சரி.

அசோசியேஷனில் ஒரு சிக்கல் வந்தது. வெளிப்பக்கம் எதுவும் மாட்டக் கூடாது, கட்டடத்தின் அழகு கெட்டுவிடுமாம். உள்பக்கம் மாட்டிக்கொள்ளலாம். எனக்கு அதில் சந்தோஷம்தான். வெளியே பெட்டி மாதிரி தள்ளி அடிக்கிற கிரிலை எனக்குப் பிடிக்காது. அதில் தொட்டி வைப்பார்கள், துணி காயப் போடுவார்கள், பிறகு பிள்ளையையே உள்ளே உட்கார வைத்து விளையாட்டுச் சாமான் கொடுப்பார்கள். மொத்தப் பாரத்தையும் சுவரில் நாலு ஸ்க்ரூ தாங்கிக்கொண்டிருக்கும். அது மழையிலும் கடற்காற்றிலும் எத்தனை வருஷமாக நனைகிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

பால்கனிக்கு மட்டும் மாப்பிள்ளை 'இன்விசிபிள் கிரில்' வேண்டும் என்றார். தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் இல்லாத மாதிரி தெரிகிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வயர்கள், மேலே நைலான் உறை, இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாக அலுமினிய டிராக்கில் இழுத்துக் கட்டுவார்கள். எனக்கு முதலில் மனசு ஒப்பவில்லை. பிறகு வேலையைப் பார்த்தேன், சரியாகச் செய்தால் நல்ல சாமான்தான். ஆனால் மூன்று விஷயத்தில் விற்பவர் நழுவப் பார்ப்பார், நாம் விடக் கூடாது. வயர் 316 கிரேடா என்று கேட்க வேண்டும். 304-உம் ஸ்டெயின்லெஸ்தான், ஆனால் 316-இல் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்புக்காற்றைத் தாங்கும், நம் ஊருக்கு அதுதான். டிராக்கை வெறும் பூச்சில் அடிக்காமல் கான்கிரீட்டிலோ கெட்டியான சுவரிலோ ஆங்கர் போல்ட் இறக்கிப் பிடிக்க வேண்டும். மூன்றாவது, கட்டி முடித்ததும் அவர் எதிரிலேயே இரண்டு வயர்களைக் கையால் விலக்கிப் பார்க்க வேண்டும். நாள்பட வயர் தளரும். ஒவ்வொரு வருஷமும் வந்து இழுத்துக் கொடுப்பாயா என்று கேட்டு பில்லிலேயே எழுதி வாங்கிக்கொண்டேன். முகம் சுருங்கியது, எழுதிக் கொடுத்தார்.

கொசுவலையை நம்பிப் பிள்ளையை விடுகிறவர்கள் ஏராளம். "மெஷ் மூடியிருக்குல்ல?" என்பார்கள். சென்னையில் வலை இல்லாமல் வாழ முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது கொசுவுக்குத்தான். வெல்க்ரோ ஒட்டிய வலையைப் பிள்ளை முதுகைச் சாய்த்தாலே பிய்ந்து வந்துவிடும். ஸ்லைடிங் ஃபிரேமோடு வருகிற வலையையும் உள்ளேயிருந்து இரண்டு கையால் தள்ளிப் பாருங்கள், டிராக்கை விட்டு எழும்பி வெளியே போகும். மகள் வீட்டில் நான் ஒரு தள்ளுத் தள்ளியதில் வலை ஃபிரேம் பாதி வெளியே போய்விட்டது. அதைப் பிடித்து உள்ளே இழுத்தபோதுதான் என் மனைவியின் முகம் மாறியது. அதுவரை "இவர் டேப்பை வச்சுக்கிட்டு எல்லாரையும் பயமுறுத்தறார்" என்று சமையலறையிலிருந்து குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

கிரில் போட்டாகிவிட்டது என்று நிம்மதியாக இருக்க முடியாதபடி இன்னொரு பக்கம் உண்டு. தீ. எல்லா ஜன்னலையும் அசையாத கம்பியால் அடைத்துவிட்டு, வாசல் பக்கம் தீப்பிடித்தால் எந்த வழியாகப் போவது? தீயணைப்புக்காரர் ஏணி வைத்து வந்தாலும் கம்பியை அறுத்துக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். எங்கள் ரயில் பெட்டிகளில்கூட எல்லா ஜன்னலிலும் கம்பி இருந்தாலும், அவசர ஜன்னல் என்று சிவப்பில் எழுதிய சிலதைத் திறக்கிற மாதிரிதான் வைத்திருப்பார்கள். அதே யோசனையில் படுக்கையறைக் கிரிலில் ஒரு பகுதியைக் கீல் வைத்துக் கதவாகச் செய்யச் சொன்னேன். ஓர் ஆள் குனிந்து வெளியே போகிற அளவு. பூட்டு உண்டு. சாவி பீரோவில் இல்லை, ஜன்னலுக்குப் பக்கத்திலேயே லிண்டல் உயரத்தில் ஓர் ஆணியில் தொங்குகிறது. வேலைக்கு வருகிற அம்மாவுக்கும் காட்டி வைத்திருக்கிறோம். மாதம் ஒரு முறை திறந்து மூடி, பூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விடுவது என் பொறுப்பு.

மாட்டுகிற அன்று நான் பக்கத்திலேயே நின்றேன். யு.பி.வி.சி. ஃபிரேமில் ஸ்க்ரூ போட்டு முடித்துவிடப் பார்த்தார்கள், அதுதான் சுலபம். அந்த ஃபிரேமே உள்ளே குழலாக இருப்பது, கிரிலைத் தாங்க அதை நம்பக் கூடாது. பக்கச் சுவரில் துளை போட்டு ஆங்கர் இறக்கச் சொன்னேன். ஹால் முழுக்கத் தூசு, மகளுக்குக் கோபம். மாட்டி முடித்ததும் நானே கம்பியைப் பிடித்துத் தொங்கினேன். எழுபது கிலோ. அசையவில்லை.

அப்புறம் பெயின்ட். பல் முளைக்கிற பிள்ளை ஜன்னலில் நின்றால் என்ன செய்யும் தெரியுமா? கம்பியை வாயில் வைக்கும். புஜ்ஜி வில்லிவாக்கம் வீட்டில் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தான். அந்தக் கம்பிகளில் என் அப்பா காலத்திலிருந்து அடித்த பெயின்ட் அடுக்கடுக்காக இருக்கிறது. பழைய எனாமல் பெயின்ட்களில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. ஈயம் உடம்பில் சேர்ந்தால் பிள்ளையின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். 2017 நவம்பரிலிருந்துதான் வீட்டு பெயின்ட்களில் ஈயம் 90 பி.பி.எம்.-ஐ, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. ஆகவே பட்டறையில் அடிக்கிற பெயின்ட் டப்பாவைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். மேலே ஈயம் சேர்க்காதது என்று போட்டிருக்க வேண்டும். பழைய வீட்டுக் கம்பியில் பெயின்ட் செதில் செதிலாக உதிர்ந்தால், பிள்ளை இருக்கும்போது உலர்வாகச் சுரண்டாதீர்கள், தூசு பறக்கும். பிள்ளையை வேறு வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஈரமாக்கித் தேய்த்து எடுத்து, தரையை ஈரத்துணியால் துடைத்து, அதற்கப்புறம் புது பெயின்ட்.

கண்ணாடி டஃபன்ட், அதாவது சூடாக்கிக் கெட்டிப்படுத்திய வகையா என்று பாருங்கள். மூலையில் சின்னதாக முத்திரை பதித்திருக்கும். உடைந்தால் சிறு சிறு துண்டாக உதிரும், சாதாரணக் கண்ணாடி மாதிரி கத்தி கத்தியாகப் பிளக்காது. இதற்கு மேல் கண்ணாடியைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

சாமான்களை நகர்த்துவதுதான் வீட்டுக்குள் பெரிய யுத்தம். ஜன்னலுக்கு அடியில் இருக்கிற எதுவும் பிள்ளைக்குப் படிதான். சோபாவை எதிர்ச்சுவருக்கு மாற்றினோம், டி.வி. வேறு பக்கம் போனது. கட்டிலை ஜன்னலிலிருந்து விலக்கலாம் என்றால் மீதி இருக்கிற ஒரே சுவரில் போட்டால் தலை வடக்கே வருகிறது. "வடக்கே தலை வச்சுப் படுக்கலாமாங்க? வாஸ்து பார்த்துத்தானே வாங்கினோம்" என்று என் மனைவி மல்லுக்கு நின்றாள். வாதம் செய்து பிரயோஜனம் இல்லை என்று தெரிந்து, கட்டிலைத் திருப்பி, கால் பக்கம் ஜன்னல் வரும்படி மூன்றடி தள்ளிப் போட்டோம். தலை தெற்கே. எல்லாருக்கும் திருப்தி.

சென்னை வீடுகளில் தவறாமல் இருக்கிற ஒரு படி உண்டு, தண்ணீர் கேன். இருபது லிட்டர் கேன்களை எல்லாரும் பால்கனி ஓரத்திலோ சமையலறை ஜன்னல் அடியிலோதான் வரிசையாக வைக்கிறார்கள். நிறைந்த கேன் அசையாது, பிள்ளை ஏறி நிற்க அருமையான மேடை. காலிக் கேன் இன்னும் மோசம், படுக்க வைத்தால் உருளும். ஏ.சி.யின் அவுட்டோர் யூனிட்டைப் பால்கனித் தரையில் வைப்பதும் இதே கதைதான். மகள் வீட்டில் கேன்கள் இப்போது ஷூ ராக்குக்குப் பக்கத்தில், வாசலோரம். கேன் போடுகிற தம்பிக்கும் உள்ளே வர வேண்டிய வேலை இல்லை.

கயிறு பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஏனென்றால் இது தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கும் பொருந்தும். இன்டீரியர் செய்தவர்கள் ஹாலில் ரோலர் பிளைண்ட் மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். பக்கத்தில் மணிச் சங்கிலி, தரை வரைக்கும் தொங்குகிற வளையம். பார்க்க அழகு. பிள்ளைக் கழுத்தில் அந்த வளையம் மாட்டினால் சத்தம்கூட வராது, ஓரிரு நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும். விழுகிற பிள்ளையாவது அலறும். சில நாடுகளில் பிள்ளைக் கை எட்டுகிற உயரத்தில் கயிறு வளையம் தொங்கக் கூடாது என்று தர விதியே இருக்கிறது. சங்கிலியை இழுத்துச் சுவரில் இறுக்கிப் பிடிக்கிற கொக்கி ஒன்று பிளைண்டோடு டப்பாவில் வந்திருந்தது. அதை மாட்டாமலே டிராயரில் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். நான் மாட்டவில்லை. பிளைண்டையே கழற்றிவிட்டு, கம்பியில் வளையம் கோத்த சாதாரணத் திரைச்சீலை போட்டோம். திரையைக் கட்டுகிற கயிற்றையும் என் மனைவி எடுத்துவிட்டாள்.

வாடகை வீட்டில் இருக்கிறவர்கள் கேட்பார்கள், ஹவுஸ் ஓனர் சுவரில் துளை போட விடமாட்டார், நாங்கள் என்ன செய்வது என்று. ஸ்லைடிங் ஜன்னல் என்றால் டிராக்கில் இறுக்குகிற சின்ன ஸ்டாப்பர் ஹார்டுவேர் கடையில் கிடைக்கிறது. நான்கு அங்குலத்துக்கு மேல் கதவு நகராது. துளை வேண்டாம், காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம். கீழே ஒன்று, மேல் டிராக்கில் ஒன்று என்று இரண்டாகப் போடுங்கள், பிள்ளை கையில் திருகு சிக்காதபடி சாவி வைத்த வகையாக வாங்குங்கள். பழைய மரக் கதவு ஜன்னல் என்றால் விழுவதைவிட விரல் நசுங்குவதுதான் அதிகம். ஆடிக் காற்றில் படாரென்று சாத்தும்போது பிள்ளையின் விரல் கீல் பக்கம் இருக்கும். ரயில் ஜன்னல் ஷட்டரில் விரல் கொடுத்தவர்களுக்கு அந்த வலி தெரியும். திறந்த ஜன்னலுக்குக் கொக்கி மாட்டாமல் விடாதீர்கள். பாத்ரூம் வென்டிலேட்டரில் செருகியிருக்கிற கண்ணாடிப் பட்டைகளையும் ஒரு முறை இழுத்துப் பாருங்கள், கையோடு வரும். அதற்கு ஒரு வலைக் கம்பி அடித்தால் போதும்.

2024 ஏப்ரலில் திருமுல்லைவாயில் அடுக்குமாடியில் ஒரு கைக்குழந்தை பால்கனியிலிருந்து நழுவிக் கீழ்த்தளத்துக் கூரைத் தகட்டில் மாட்டிக்கொண்டது உங்களுக்கு நினைவிருக்கும். கீழே பெட்ஷீட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு ஜனங்கள் நின்றார்கள், முதல் மாடி ஜன்னல் வழியாக வெளியே ஏறி வந்து ஒருவர் பிள்ளையை வாங்கினார். அந்த வீடியோவைப் பார்த்து அழாதவர் இல்லை. அதே வாயால் பெற்றவளை ஏசாதவரும் கொஞ்சம் பேர்தான். என் செல்போனில் இருக்கிற ரிட்டயர்டு ஆட்கள் குரூப்பில்கூட "இந்தக் காலத்துப் பொண்ணுங்க" என்று ஆரம்பித்தார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது. பிள்ளை கை நழுவாத தாய் உலகத்தில் இல்லை. தவறி விழுகிற அந்த ஒரு கணத்தில் தாங்கிப் பிடிக்க அங்கே ஏதாவது இருந்ததா என்றுதான் கேட்க வேண்டும். அதைக் கட்டியவனிடம் கேட்க வேண்டும், விற்றவனிடம் கேட்க வேண்டும், விதி போடுகிறவர்களிடம் கேட்க வேண்டும். நியூயார்க்கில் வீட்டுச் சொந்தக்காரன் தலையில் பொறுப்பைக் கட்டியது அதனால்தான்.

இப்போது மகள் வீட்டில் புஜ்ஜி திண்டில் ஏறி நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு பூநாரையைத் தேடுகிறான். யாரும் அவனை விரட்டுவதில்லை. புதுப் பிரச்சினை வேறு மாதிரி வந்திருக்கிறது. கம்பி இடைவெளியில் அவன் நுழைய மாட்டான், இட்லித் துண்டு நுழைகிறது, ஸ்பூன் நுழைகிறது, அம்மாவின் ஹேர் கிளிப் நுழைகிறது. ஆறாவது மாடியிலிருந்து அந்த வீட்டம்மா ஒரு டப்பா நிறைய சாமான்களைக் கொண்டு வந்து கொடுத்தார், அவர்கள் வீட்டுத் தொட்டிச் செடிகளில் பொறுக்கியதாம். கீழே நிறுத்தியிருக்கிற கார்க்காரர் இன்னும் மேலே வரவில்லை. ஏழு மாடி உயரத்திலிருந்து ஸ்பூன் ஒருவர் தலையில் விழுந்தால் அது விளையாட்டு இல்லை. அதனால் கிரிலின் கீழ்ப்பாதிக்கு மட்டும், இரண்டரை அடி உயரத்துக்கு, ஸ்டீல் வலையை ஃபிரேமில் அடித்துத் திருகி மாட்டுகிற மாதிரி செய்யச் சொல்லிப் பட்டறையில் கொடுத்திருக்கிறேன். அரை அங்குலக் கண் போதும், ஸ்பூன் கரண்டிப் பக்கம் போகாது. காம்புப் பக்கம் போகும் என்று தம்பி சொல்கிறான். கால் அங்குலக் கண்ணில் விலை கேட்டிருக்கிறேன்.